கேத்தரினுக்குப் போட்ட கையெழுத்து

வேதநாயகம் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளும் பெட்டிகளும் கிட்டங்கிக்குள் போகும்போது வாசலில் நின்று கணக்கு எடுப்பது அவர் வேலை. ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று.

அவர் பயப்படுகிறவர் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஃபெரியில் ஏறினால் மிதவை எங்கே தொங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். மேலதிகாரி கூப்பிட்டனுப்பினால் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே படியேறுவார். கூட வேலை பார்த்த அப்துல் காதர், "நாயகம், ஒங்களுக்கு பேய் வேணாம் லா, ஒங்க நெழலே போதும்" என்று கேலி செய்வார்.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் அப்துல் காதர்கூடக் கேலி செய்ததில்லை. வேதநாயகம் யாருடைய கடனுக்கும் கையெழுத்துப் போடமாட்டார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் சக ஊழியர் ஒருவருக்காக வட்டிக்கடையில் ஜாமீன் நின்றார். அந்த ஊழியர் ஒரு நாள் சிங்கப்பூருக்கு ரயில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்து கட்டிலையும் தையல் மெஷினையும் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா அதைப் பார்க்க மாட்டாமல் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சின்னப் பையனாக இருந்த வேதநாயகம் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகை அவர் மறக்கவே இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் எண்பத்தொன்றாம் ஆண்டு அவருடைய தங்கை சவுந்தரம் வந்து நின்றாள்.

சவுந்தரத்துக்குப் புருஷன் இல்லை. டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் வாடகை அறையில் இருந்துகொண்டு கல்யாண உடுப்புத் தைத்துக் காலத்தை ஓட்டினாள். ஒரே மகள் கேத்தரின். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் நன்றாகத் தேறிவிட்டாள். மருத்துவத்துக்கு மார்க் போதவில்லை. கோலாலம்பூரில் உயிரியல் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கல்வி நிதி ஒன்று கடன் தருகிறேன் என்றது. வருஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி, நாலு வருஷத்துக்கு. நிலையான சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர் லாரன்ஸ் ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவருக்கு அண்ணனை விட்டால் யாரும் இல்லை.

"நீங்க போடலேன்னா அவ நாளைக்கே கம்பெனிக்குப் போயிடுவா அண்ணே" என்றாள் சவுந்தரம். அழவில்லை. அழுதிருந்தால் வேதநாயகத்துக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடையில் அப்துல் காதரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பயாலஜி படிச்சா என்ன வேலை? டாக்டரா?"

"இல்ல. டாக்டருக்கு வேற."

"அப்ப?"

"டீச்சர் ஆகலாம். எங்கயாவது லேப்ல எடுப்பாங்கன்னு சொல்றாங்க."

அப்துல் காதர் கையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் தண்ணீர்க் கையாலேயே கணக்குப் போட்டார். பாயான் லெப்பாஸ் மின்னணுக் கம்பெனிகளில் பெண்பிள்ளைகளை ஓடி ஓடி எடுக்கிற காலம் அது. ஓவர்டைமோடு மாதம் முந்நூற்றைம்பது வெள்ளி பார்க்கலாம். நாலு வருஷம் அதை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் கைக்கு வராமல் போகிற காசு கிட்டத்தட்ட பதினேழாயிரம். அதன்மேல் கடன் பதினாலாயிரம்.

"முப்பதாயிரம் வெள்ளிக் குழியில எறங்கித்தான் அந்தப் பொண்ணு ஏறி வரணும். பட்டதாரி டீச்சருக்கு எண்ணூறு தொள்ளாயிரம் சம்பளம். ஆறு ஏழு வருஷத்துல குழி மூடிடும். அதுக்கு மேல எல்லாம் லாபம்தான் லா." கொஞ்சம் யோசித்து, "வேலை கெடைச்சா" என்று சேர்த்துக்கொண்டார்.

வேதநாயகம் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளோடுதான் கடையை விட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். கேத்தரின் அம்மா தைத்த உடுப்பு ஒன்றில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த முகம், பெரிய மூக்குக்கண்ணாடி. மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமா?" அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இப்ப முடிச்சவங்களுக்குக் கெடைக்குது மாமா. நாலு வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. கெடைக்கும்னு சத்தியம் பண்ணச் சொன்னா, என்னால முடியாது."

"அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு? கணக்கு எழுதற படிப்பு ஏதாச்சும் எடுக்கக் கூடாதா?"

"இதுக்குத்தான் எடம் கெடைச்சுச்சு. கெடைக்காம இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்." சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஸ்கூல்ல ஒரு தடவ சாக்கடைத் தண்ணி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. அன்னைலேருந்து வேற எதுவும் தோணல மாமா."

அவள் கெடைக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் வேதநாயகம் எழுந்து போயிருப்பார். தெரியாது என்று சொன்னதுதான் அவரைக் கட்டிப்போட்டது. கடன் கேட்டு வருகிறவர்கள் யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

அவருடைய மனைவி செசிலி எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. "போடறதுன்னா போடுங்க. போட்டுட்டு என்கிட்ட வந்து பொலம்பக் கூடாது. அத மட்டும் இப்பவே சொல்லிட்டேன்."

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடி அலுவலகத்தில் ஒப்பந்தத்தை வைத்தார்கள். மலாயில் இருந்ததை அவர் மூன்று முறை படித்தார். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் முழுத் தொகையையும் ஜாமீன்தாரர் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்ற வரியில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். கேத்தரின் பக்கத்தில் அந்த விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவது எழுதியது.

அந்த நாலு வருஷம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் செசிலிக்குச் சொல்லத் தெரியாது. வேதநாயகம் அவள் பேச்சைக் காப்பாற்றினார், ஒரு நாளும் புலம்பவில்லை. ஆனால் பத்திரிகையில் பொருளாதாரம் என்று இருக்கிற செய்தியெல்லாம் படிக்க ஆரம்பித்தார். தகரம் விலை இறங்கினால் முகம் இருண்டுவிடும். ரப்பர் விலை இறங்கினால் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பார். கேத்தரின் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுடைய உடம்பை நோட்டம் விடுவார். இருமினால் பயம். அவள் கடற்கரைச் சேற்றில் நத்தை பொறுக்கி ஆராய்ச்சி செய்கிறாள் என்று சவுந்தரம் பெருமையாகச் சொன்னபோது, சேற்றில் பாம்பு கடித்தால் கடன் யார் தலையில் விழும் என்று நினைத்தார். நினைத்ததற்காகப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

எண்பத்தைந்தில் கேத்தரின் பட்டம் வாங்கினாள். அந்த வருஷமே நாடு படுத்துவிட்டது. தகரச் சந்தை விழுந்தது. அரசாங்கத்தில் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். ஓடி ஓடி ஆள் எடுத்த பாயான் லெப்பாஸ் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பின. கேத்தரின் விண்ணப்பம் எழுதினாள். இன்டர்வியூ என்று ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறினாள். ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கான பட்டதாரிகள் வரிசையில் நின்றதாக வந்து சொன்னாள். நடுவில் கெப்பாலா பத்தாஸில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. பிரசவ விடுப்பில் போனவர் திரும்பி வந்ததும் அதுவும் முடிந்தது.

கடன் கட்டத் தொடங்க வேண்டிய மாதம் வந்தது. மாதம் நூற்றைம்பது வெள்ளி. வேதநாயகம் தங்கை வீட்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டார். போனால் கேட்க வேண்டி வரும், கேட்டால் பதில் வரும். தபால்காரனின் மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டால் அவர் குளியலறைக்குள் போய்விடுவார். துறைமுகத்திலும் நிலைமை நன்றாக இல்லை. சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கியது. எண்ணுகிறதற்கு மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு காலை வேலைக்குப் போகும்போது, டத்தோ கெராமட் சாலை முனையில் ஃபேக்டரி பஸ் ஒன்று நின்றது. வெளிர்நீலச் சீருடை போட்ட பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் கேத்தரின். தலையைக் குனிந்து, முகத்தைப் பாதி மறைக்கிற மாதிரி குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். மழை இல்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறாள் என்றுதான் சவுந்தரம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மாமாவின் கண் தன்மேல் விழுந்ததைக் கேத்தரின் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கோயில் முற்றத்து மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவள் வேறு வழியில்லாமல் வந்தாள்.

"எத்தன நாளா போற?"

"ஏழு மாசம் ஆச்சு மாமா."

"ஏன் மறைச்ச? உழைக்கிறதுல என்ன வெக்கம்?"

"வெக்கம் இல்ல." அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சாம் படிவம் மட்டும்தான் படிச்சேன்னு எழுதிக் கொடுத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். டிகிரின்னு சொன்னா எடுக்க மாட்டாங்க. நல்ல வேலை கெடைச்சா ஓடிடுவாங்கன்னு. தெரிஞ்சா பொய் சொன்னதுக்கு அன்னைக்கே அனுப்பிடுவாங்க. கூட படிச்சவ யாராச்சும் அந்தப் பக்கம் வந்துடுவாளோன்னு தெனமும் பயந்துகிட்டுத்தான் போறேன்."

"அங்க என்ன வேலை?"

"முடியவிட மெல்லிசா தங்கக் கம்பி. அத சின்ன சில்லுல ஒட்டணும். யூனிவர்சிட்டியில பார்த்த மாதிரியே மைக்ராஸ்கோப்தான் மாமா. கீழ வெக்கிற சாமான்தான் வேற."

அவர் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கையில் வருவது முந்நூறு வெள்ளி. வாடகை, அம்மாவின் மருந்து போக ஐம்பது வெள்ளி மட்டும் நிதிக்கு அனுப்புகிறாள். மீதி நூறு ஒவ்வொரு மாதமும் பாக்கியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எல்லாத்தையும்விட ஒங்களப் பாக்கத்தான் மாமா பயமா இருந்துச்சு. ஒங்க வீட்டுத் தெருவுக்கே நான் வர்றதில்ல."

பிறந்ததிலிருந்து வேதநாயகத்தைக் கண்டு பயந்தவர் ஒருவரும் இல்லை. அவள் இருக்கிற தெருவுக்குத் தானும்தான் போவதில்லை என்று சொல்ல வந்தார். சொல்லவில்லை.

அடுத்த சில வாரங்களில் அவர் பயந்தது நடந்தது. கிட்டங்கி வாசலில் பருப்பு மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது, டை கட்டிய ஓர் இளைஞன் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வந்தான். வக்கீல் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னான். ஜாமீன்தாரர் வேதநாயகம் நீங்கள்தானே என்று எல்லோருக்கும் கேட்கிற குரலில் கேட்டான். இன்னொரு ஜாமீன்தாரர் லாரன்ஸ் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார், ஆகவே பாக்கி முழுவதும் உங்கள் பொறுப்பு, இரண்டு வாரத்துக்குள் கட்டாவிட்டால் வழக்கு, வீட்டின் மேலும் கை வைக்கலாம் என்றான். நோட்டீஸை வாங்கும்போது வேதநாயகத்துக்கு எத்தனை மூட்டை எண்ணினோம் என்பது மறந்துபோயிற்று. அப்துல் காதர் வந்து அவர் இடத்தில் நின்று முதலிலிருந்து எண்ணினார்.

வீட்டுக்கு வந்து செசிலியிடம் சொன்னார். "இது பொலம்பல் இல்ல. சேதி."

செசிலி மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள். ஜெலுத்தோங்கில் அந்தச் சின்ன வீட்டுக்கு அவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மகன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். "வீடு போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் திரும்பிக்கொண்டபோது அவருக்குத் தெரிந்தது அவளுடைய முதுகு. அதைப் பார்க்க முடியாமல் அவர் வெளியே போய்விட்டார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். கேத்தரினும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேருமாகப் பீச் ஸ்ட்ரீட் மாடிப்படி ஏறினார்கள். அங்கே கடன் வசூல் பார்த்த அதிகாரி நல்லமுத்து என்பவர். கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கதையைத் தினமும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன மனிதர்.

"அம்பது அம்பதா கட்டறதெல்லாம் ஒத்துக்க முடியாதுங்க. ரெண்டு வழி இருக்கு. இந்தப் பொண்ணு வேல செய்யற கம்பெனிக்கு நாங்க லெட்டர் போட்டு சம்பளத்துல புடிக்கச் சொல்லலாம். அப்படி ஆரம்பிச்சா கேஸை நிறுத்தி வைப்பாங்க. இல்லேன்னா ஜாமீன் மேல கேஸ்தான்."

கேத்தரின் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கம்பெனிக்கே போடுங்க சார்" என்று பெயரையும் விலாசத்தையும் சொல்லத் தொடங்கினாள்.

லெட்டரில் என்ன இருக்கும் என்று வேதநாயகத்துக்குத் தெரியும். பட்டப் படிப்புக்கு வாங்கிய கடன் என்று இருக்கும். ஒரே வாரத்தில் அவளை அனுப்பிவிடுவார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள். அவர் இப்போது செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான். வழக்கு தள்ளிப்போகும். வீடு இன்னும் சில மாதம் நிற்கும். செசிலியிடம் போய் ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். அவர் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். நல்லமுத்து விலாசத்தில் பாதியை எழுதிவிட்டார்.

"என் சம்பளத்துல புடிங்க" என்றார் வேதநாயகம்.

"என்ன சொன்னீங்க? கேக்கல."

முதல் தடவை தானாக வந்துவிட்டது. இரண்டாம் தடவை சொல்வதற்கு அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அவ வேலையில கை வெக்காதீங்க. துறைமுகத்துல என் சம்பளத்துல மாசம் நூத்தம்பது புடிங்க. மொத்தமும் முடியற வரைக்கும்."

நல்லமுத்து பேனாவைக் கீழே வைத்தார். அவரை நன்றாகப் பார்த்தார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, சரி என்றார்.

இறங்கும்போது வேதநாயகம் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கேத்தரின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. "மாசம் அம்பது ஒங்க கையில கொண்டாந்து கொடுத்துடுவேன் மாமா. கூட கெடைச்சா கூட தருவேன்" என்றாள். கொண்டுவந்து கொடுக்கவும் செய்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசைக்குப் பிறகு, கைக்குட்டையில் மடித்து.

கையெழுத்துப் போட்டபோது இருந்த பயம் ஒருவிதம். இது வேறு. நூற்றைம்பது வெள்ளி போன பிறகு மிஞ்சியதில் வீட்டுத் தவணை கட்டிக் குடும்பம் நடத்த வேண்டும். துறைமுகத்தில் விருப்ப ஓய்வு, இடமாற்றம் என்று பெயர்ப் பட்டியல்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எல்லோரும் முண்டியடித்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு, அவர் கடைசியாகப் போய்க் கீழிருந்து மேலாகப் படிப்பார். செசிலி அக்கம்பக்கத்துக்குக் கேக் செய்து விற்றாள். மூத்த மகன் வின்சென்ட் ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போய்விட்டான். "அவனுக்குப் படிப்பு ஏறல" என்று செசிலி எல்லோரிடமும் சொன்னாள். வேதநாயகம் அவனிடம் காரணம் கேட்கவில்லை. அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று பயம்.

எண்பத்தெட்டில் பாலிக் புலாவ் பக்கம் ஒரு சீனர் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை தொடங்கினார். உயிரியல் படித்தவர் வேண்டும் என்று பத்திரிகையில் கேட்டிருந்தார். சம்பளம் ஐந்நூற்றைம்பது. அதைக் கேட்டதும் வேதநாயகம் பதறிப்போனார்.

"கம்பெனியில இப்ப நிரந்தரம் பண்ணிட்டாங்க. அத விட்டுட்டு இறாலை நம்பிப் போறியா? செத்துப் போச்சுன்னா?"

"சாகும் மாமா. சாகாம எப்படி வளக்கறதுன்னு தெரிஞ்சவங்க வேணும்னுதானே கேக்கறாங்க."

போய்ச் சேர்ந்தாள். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம், அவர் பயந்த மாதிரியே, ஏதோ நோய் வந்து தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் வெள்ளையாக மிதந்தன. முதலாளி மூன்று மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. அந்த மூன்று மாதமும் வேதநாயகம் பஸ் காசை மிச்சம் பிடித்துக் கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டை வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேத்தரின் தொட்டிகளையெல்லாம் காயவைத்து, கடல்நீர் வருகிற குழாயை மாற்றி, முதலாளியோடு சண்டை போட்டு மறுபடியும் இறால் முட்டைகளைத் தொட்டிகளில் விடவைத்தாள். பண்ணை பிழைத்தது. பிறகு அக்கரையில் இன்னொரு பெரிய பண்ணை அவளைத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிட்டது. அங்கே ஆயிரத்துக்கு மேல் சம்பளம். அதிலிருந்து மாதம் நூற்றைம்பதையும் அவளே கொடுத்தாள். பழைய பாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தாள்.

வின்சென்டை எதிரே பார்த்தால் கொஞ்ச காலம் வரை அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனோ ஓவர்டைமோடு அவளைவிட அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்தான். அவள் சிரித்தாள். செசிலி சிரிக்கவில்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு மாதம், சம்பளச் சீட்டை வாங்கிய வேதநாயகம் திகைத்துப்போனார். பிடித்தங்கள் இருக்கும் கழிவுப் பகுதியில் நூற்றைம்பது இல்லை. முழுச் சம்பளம் வந்திருந்தது. தவறாகப் போட்டுவிட்டார்கள், அடுத்த மாதம் சேர்த்துப் பிடிப்பார்கள், இல்லையென்றால் நிதிக்குப் பணம் போகாமல் மறுபடியும் நோட்டீஸ் வரும் என்று பயந்துபோய்ச் சம்பளப் பிரிவுக்கு ஓடினார். அங்கிருந்த குணவதி என்ற பெண் பழைய தாள்களைப் புரட்டினாள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள். போன மாசமே கடைசி."

"நல்லா பாத்துச் சொல்லும்மா."

"பாத்துட்டேன் அங்கிள். இனிமே இல்ல."

அன்று வேலை முடிந்ததும் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். கேத்தரின் அப்போதுதான் ஃபெரியில் அக்கரையிலிருந்து வந்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருந்தாள். உப்புத் தண்ணீரில் கையெல்லாம் வெடித்திருந்தது. சவுந்தரம் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். சவுந்தரம் சிலுவை போட்டுக்கொண்டாள். கேத்தரின் கோப்பியைக் குடித்து முடித்தாள்.

வெகு நாளாக அவர் மனத்தில் இருந்ததை அப்போதுதான் கேட்டார். "அன்னைக்கே நீ கம்பெனிக்குப் போயிருந்தா?"

"கூட சேர்ந்தவங்க இப்ப சூப்பர்வைசர் மாமா. ரெண்டு பேரு வீடு வாங்கிட்டாங்க. கடன்னு ஒண்ணு அவங்களுக்கு இல்ல. காசா பாத்தா, நான் இன்னும் அவங்கள எட்டிப் பிடிக்கல. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுக்கு அப்புறம் நான் முன்னாடி போவேன்னு நெனைக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, "பண்ணை நின்னா" என்றாள்.

"வருத்தமா இருக்கா?"

"வேலைக்குப் போறப்ப இல்ல. வின்சென்ட்டப் பாக்கறப்ப இருக்கு."

வேதநாயகம் தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். கேத்தரின் தெருமுனை வரை கூட வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. அந்த மாதங்களிலும் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கழிவுப் பகுதியைத்தான் முதலில் பார்த்தார். காலியாக இருப்பதைப் பார்த்த பிறகும், சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.